பூட்ஸ் என்றொரு பூட்டு

மனைவிக்கு பைக் ஓட்டக் கற்றுத் தரவே கூடாது என்று ஜாக்கிரதை சார் உறுதியாக முடிவு செய்தார். முடிவு செய்த கையோடு, "செவ்வாய்க்கிழமை சாயந்தரத்திலேர்ந்து கத்துத் தர்றேன்" என்று அவளிடம் சொல்லியும் விட்டார். வேறு வழியில்லாமல் போய்விட்டது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் ஒருவருக்கும் அது தெரியாது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விபத்துக் கேஸ்களைப் பார்க்கும் பிரிவில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவர். கால் ஒடிந்தவர், கை ஒடிந்தவர், பம்பர் ஒடிந்தவர் என்று நாள் முழுக்க ஒடிந்த விஷயங்களையே படித்துப் படித்து, எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்வதற்குப் பதிலாக "ஜாக்கிரதை" என்று சொல்லப் பழகிவிட்டார். மாடிப்படி இறங்குகிறவரிடம் ஜாக்கிரதை. நகம் வெட்டுகிறவரிடம் ஜாக்கிரதை. தூங்கப் போகிறவரிடம் கட்டில் ஜாக்கிரதை.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. மற்றவர்களுக்குக் கோழி கிளறியதுபோல் தெரிகிற டாக்டர் கையெழுத்தை அவள் பேப்பர் படிப்பதுபோல் படித்துவிடுவாள். கடைக்கு வருகிறவர்களுக்கு டோஸ் எழுதிக் கொடுப்பாள். வீட்டில் எழுதாமலே கொடுப்பாள்.

அவள்தான் ஒருநாள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஊர்க்கோடியில எங்க கடைக்குப் புதுக் கிளை திறக்கறாங்க. என்னைத்தான் பொறுப்பாப் போடறாங்க."

"பிரமாதம்!"

"காலைல எட்டு மணிக்குக் கடையைத் திறக்கணும்."

"திறந்துட்டாப் போச்சு!"

"அந்தப் பக்கம் பஸ் கிடையாது."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"உங்க ஆபீஸுக்குத்தான் நம்ம வாசல்லயே பஸ் நிக்குதே. வண்டியை நான் எடுத்துக்கறேன். ஓட்ட மட்டும் கத்துக் குடுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, அந்தப் பொறுப்பே வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

இதில் மறுத்துச் சொல்ல எந்தப் பக்கம் ஓட்டை என்று ஜாக்கிரதை சார் தேடிப் பார்த்தார். பதினெட்டு வருஷமாகப் பிறர் மனுக்களில் ஓட்டை கண்டுபிடித்தவருக்கு இந்த மனுவில் ஊசி நுழையக்கூட இடம் கிடைக்கவில்லை. மனைவிக்குப் பதவி வருவதில் அவருக்கு உள்ளபடியே சந்தோஷம்தான். ஆனால் வண்டி? பதினோரு வருஷமாக இன்னொரு கால் படாத வண்டி. ஞாயிற்றுக்கிழமை தோறும் குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் அவர் துவட்டி வைக்கிற வண்டி. அதை விட்டுவிட்டு பஸ்ஸில், யாரோ ஒருவருடைய அக்குளுக்குக் கீழே நின்றுகொண்டு ஆபீஸ் போவதா?

வழி மறுநாள் ஆபீஸிலேயே கிடைத்தது. மேஜைமேல் ஒரு கேஸ் கட்டு. உள்ளே ஒருவர் எழுதியிருந்தார்: 'கனமான பூட்ஸ் அணிந்திருந்த காரணத்தால் என்னால் கியர் மாற்ற இயலவில்லை. வண்டி காய்கறிக் கடைக்குள் மெதுவாக நுழைந்தது.'

ஜாக்கிரதை சார் அதை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுந்து நின்று படித்தார். வண்டிக்குப் பூட்டுப் போட்டால் பொறாமை தெரியும். பூட்ஸ் போட்டால் பாசமல்லவா தெரியும்!

அன்று மாலையே ஒரு பெரிய பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

"உனக்குத்தான். பிரிச்சுப் பாரு."

பிரித்தாள். முழங்கால் உயரம். ஒவ்வொன்றிலும் நாலு கொக்கி. மூக்கில் இரும்புத் தகடு. தகட்டுக்கு மேல் ரப்பர். ரப்பருக்கு மேல் தோல். ஒன்றைத் தூக்கிப் பார்க்க அவளுக்கு இரண்டு கை தேவைப்பட்டது.

"இது காலுக்கா, கால் மாட்டிக்கிற அலமாரியா?"

"சேஃப்டிம்மா. நான் தினம் எத்தனை கேஸ் பார்க்கறேன்! இது இல்லாம நீ வண்டியில கால் வைக்கவே கூடாது. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு பெண்டாட்டி."

"நல்லவேளை" என்றாள். அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு பூட்ஸைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கொக்கி மாட்ட ஆரம்பித்தாள்.

வீட்டுக்குப் பின்னால் காலி மைதானம். செவ்வாய்க்கிழமை மாலை அவள் அதில் தொம் தொம்மென்று நடந்து வந்தபோது, பக்கத்து வீட்டு டீச்சர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க, நிலாவுக்கா?"

"முதல்ல ரெண்டாவது கியருக்குப் போவோம் டீச்சர். அப்புறம் நிலா."

அந்த வண்டியில் முதல் கியருக்கு லீவரைக் கீழே மிதிக்க வேண்டும். அதற்கு மேல் எல்லாக் கியருக்கும் லீவருக்கு அடியில் கால் நுனியை நுழைத்து மேலே தூக்க வேண்டும். லீவருக்கு அடியில் இருந்த இடைவெளி இரண்டு விரல். பூட்ஸின் மூக்கு நாலு விரல்.

மிதித்தாள். முதல் கியர் விழுந்தது. வண்டி நகர்ந்தது.

"ரெண்டாவது போடு!"

"கால் நுழையலைங்க!"

"நுழை!"

"நுழையலைங்கறேனே!"

வண்டி முதல் கியரிலேயே ஓலமிட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது. நாய் ஒன்று கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்துவிட்டு, இதில் என்ன கௌரவம் என்பதுபோல் உட்கார்ந்துவிட்டது.

"மத்தவங்கல்லாம் பூட்ஸ் போட்டுக்கிட்டு எப்படிங்க மாத்தறாங்க?"

"அதெல்லாம் கால் வாகு. சிலருக்குப் பத்து வருஷம் ஆகும். சிலருக்கு வரவே வராது. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லே."

புதன் அதே கதை. வியாழன் அதே கதை. வெள்ளிக்கிழமை அவள் பூட்ஸைக் கழற்றியபோது கட்டைவிரல் சிவந்து வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் ஜாக்கிரதை சாருக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தைலம் எடுத்து வந்து தானே தேய்த்துவிட்டார். தேய்க்கும்போது, எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஜன்னல் வழியே வண்டி தெரிந்தது. தோன்றியது போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை கடைசியா ஒரு தடவை பார்க்கறேங்க" என்றாள் அவள். "வரலேன்னா விட்டுடறேன். இனிமே கேட்கவே மாட்டேன். வந்துட்டா திங்கட்கிழமையிலேர்ந்து வண்டி எனக்கு. சரியா?"

"சரி!" என்றார். அவ்வளவு தாராளமாக அவர் எந்த மனுவுக்கும் சம்மதித்ததில்லை. டீச்சரையே சாட்சிக்குக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டியை அவளே மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "தள்ளறதும் ஒரு பழக்கம்தானே" என்றாள். ஜாக்கிரதை சார் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். ஆறுதல் வார்த்தைகளை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தார்.

முதல் கியர். வண்டி கிளம்பியது. பூட்ஸ் லேசாக அசைந்தது. டக்.

ஓலம் அடங்கி வண்டி சுகமாக உறுமியது. டக். மூன்று. டக். நாலு! மைதானத்தின் மூலையில் திரும்பி, கியரை ஒவ்வொன்றாக இறக்கி, அவர் கட்டைவிரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். டீச்சர் கை தட்டினாள்.

"எப்... எப்படி?"

"கால் வாகுங்க" என்றாள் மனைவி.

அன்று வண்டியைத் துவட்டக்கூட அவர் போகவில்லை; பகல் முழுவதும் சாப்பாடும் இறங்கவில்லை. சாயந்தரம் ஒரு வழி தோன்றிய பிறகுதான் இறங்கியது. சாட்சி வைத்து வாக்குக் கொடுத்தாயிற்று, மறுக்க முடியாது. ஆனால் அவசரம் என்று ஒன்று எவருக்கும் வரலாமே? இன்றைக்கு ஒரு அவசரம், நாளைக்கு ஒரு அவசரம். அவளே சலித்துப்போய் ஆட்டோவுக்குப் பழகிவிடுவாள்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஜாக்கிரதை சார் சாப்பாட்டு மேஜையில் ஒரு சீட்டை வைத்தார். 'அவசர விபத்துக் கேஸ். இன்று ஒரு நாள் மட்டும் ஆட்டோவில் போகவும். ஜாக்கிரதை.' பூனைபோல் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிப் போய், ஏறி உட்கார்ந்து, உதைத்தார். மிதித்தார். முதல் கியர். அடடா, என் ராஜா!

இரண்டாவதுக்காகக் கால் நுனியைத் தூக்கினார். லீவரைக் காணோம்.

இன்னும் தூக்கினார். காற்று. குனிந்து பார்த்தார். லீவர் எங்கேயோ மேலே, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையே ஃபுட்ரெஸ்டிலிருந்து எடுத்து மேலே கொண்டுபோய் ஒரு தூக்குத் தூக்கினார். மெல்லிய ஆபீஸ் ஷூ வழுக்கியது. பாதி தூக்கினால் என்ன விழும்? நியூட்ரல். இன்ஜின் அலறியது, வண்டி நின்றது. மறுபடி மிதி, முதல் கியர். மறுபடி தூக்கு, நியூட்ரல். வீட்டில் இத்தனை வருஷமாக எந்தக் கியரில் இருந்தாரோ அதே கியரில் தெருவிலும் வந்து நின்றார்.

பால்காரரின் சைக்கிள் அவரைத் தாண்டிப் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்தே தாண்டினார்கள். ஒரு வளைவு, இரண்டு நியூட்ரல், மூன்று தடவை வண்டி அணைந்து, ஒரு வழியாக மெயின் ரோடு முனையிலிருந்த மெக்கானிக் ஷெட்டுக்குள் வியர்த்து விறுவிறுத்துப் போய் நுழைந்தார்.

"என்னய்யா ஆச்சு என் வண்டிக்கு?"

மெக்கானிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "ஒண்ணும் ஆகலை சார். ரெண்டு பல்லு மேல ஏத்தியிருக்கேன்."

"யாரோட பல்லு?"

"லீவரோட பல்லு சார். போல்ட்டைத் தளர்த்தி, லீவரை உருவி, ரெண்டு பல்லு தள்ளி மாட்டினா பூட்ஸ் சும்மா வழுக்கிக்கிட்டு உள்ளே போகும். அஞ்சு நிமிஷ வேலை. சனிக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுக்கே வந்து பண்ணினேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்க. உங்க குறட்டையில நான் ஸ்பானரைக் கீழே போட்டது எனக்கே கேட்கலை. என் இடுப்புவலிக்கு மருந்து குடுக்கற அக்கா கேட்டு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

"இறக்கு! உடனே இறக்கு!"

"அக்கா சொன்னா இறக்கறேன் சார்."

"அக்கா இங்கே எங்கேய்யா இருக்கா?"

"உங்களுக்குப் பின்னால சார்."

திரும்பினார். டயர் அடுக்குக்குப் பக்கத்து பெஞ்சில், தோளில் கைப்பை, மடியில் ஹெல்மெட், முழங்கால் வரை பூட்ஸ். கையில் அவருடைய சீட்டு.

"விபத்துக் கேஸ்னு எழுதியிருந்தீங்க. இங்கேதானா?"

"நீ... எப்படி எனக்கு முன்னாடி?"

"குறுக்குச் சந்துல நடந்து வந்தேன். முனையில உங்களைத் தாண்டும்போது கூப்பிடத்தான் நினைச்சேன். கீழே குனிஞ்சு என்னமோ தேடிக்கிட்டிருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

ஜாக்கிரதை சார் அவள் கையிலிருந்த சீட்டை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு முதல் நாள். எட்டுக்குக் கடை திறக்கணும். உங்களை ஆபீஸ்ல விட்டுட்டு அப்படியே போயிடறேன். ஏறுங்க."

"ஆபீஸ் ஒன்பதரைக்குத்தான்..."

"ஏறுங்க."

ஏறினார். இரண்டு, மூன்று, நாலு. அவர் வண்டிக்கு இவ்வளவு பதவிசாக ஓடத் தெரியும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. ஒரு கையால் அவள் கைப்பையையும் இன்னொரு கையால் பின்கம்பியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏழே காலுக்கு ஆபீஸ் வந்தது. கதவெல்லாம் பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் மட்டும் நாற்காலியில் இருந்தார். வந்து நின்ற வண்டியைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், பின்னாலிருந்து மெதுவாக இறங்கிய அதிகாரியைப் பார்த்தார்.

"ஆபீஸ் திறக்க ரெண்டு மணி நேரம் இருக்கு" என்றாள் மனைவி கவலையோடு.

வாட்ச்மேன் தன் நாற்காலியைத் தட்டி, ஜாக்கிரதை சாரின் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தார்.

"நீங்க தைரியமாப் போங்கம்மா. அதுவரைக்கும் சாரை நான் பார்த்துக்கறேன்."