பூசணிக்கொடிக்கு ஒரு மரண அறிவித்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஓர் இலையைப் பார்த்து அந்த வீட்டுக்காரரின் குணத்தைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவரைப் பெரிய ஆளாக்கியது நான்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், சொந்தமாக அச்சுக்கூடமும் ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினேன் என்றால் அது சும்மா இல்லை. பட்டம் பெற்ற பத்திரிகை ஆசிரியரே என்னிடம் சம்பளத்துக்கு இருந்தார். அந்தப் பத்திரிகையில் தோட்டப் பகுதி எழுதியவரைத்தான் சொல்கிறேன். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். உரத்தைப் பசளை என்கிற எங்கள் கோப்பாய் முழுக்க அவர் ‘பசளையர்’.

மற்றவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பசளையர், தான் எழுதியதைச் சனம் செய்கிறதா என்று சைக்கிளில் போய்ப் பார்ப்பார். வேலிக்கு மேலால் கழுத்து நீளும்.

“பிள்ளை, கத்தரியை உப்பிடி நெருக்கி நடச் சொல்லி ஆர் எழுதினது?”

“நாங்கள் உங்கடை பேப்பர் எடுக்கிறேல்லை அண்ணை.”

“அது கத்தரியைப் பாக்கவே தெரியுது.”

நாய் துரத்தும். அடுத்த வேலியில் நிற்பார்.

எண்பத்து நாலு, ஐந்தில் அவருடைய பகுதி சினிமா விளம்பரத்துக்குக் கீழே, சோறு கட்டக் கிழிக்கிற மூலையில் கிடந்தது. தொண்ணூறில் சண்டையோடு பொருளாதாரத் தடை வந்தது. உரம் இல்லை, பூச்சி மருந்து இல்லை. பசளையருக்கு ராசி பிறந்தது. ஆட்டெருவையும் பனையோலையையும் எப்படி மண்ணில் தாழ்ப்பது என்று கேட்டுக் கொடிகாமம் சந்தையில் அவரை மறித்தார்கள். முதல் பக்கத்தில் போட்டேன். ஆசிரியரின் தலையங்கத்தை எவரும் வாசிக்கவில்லை. நான் முன்பும் வாசித்ததில்லை.

பிறகு தாளுக்கும் தட்டுப்பாடு. கொப்பித் தாளில், சாமான் சுற்றுகிற தாளில் எல்லாம் அடித்தோம். எட்டுப் பக்கம் இரண்டாகியது. ஒரு பக்கம் செய்தி, மறு பக்கம் முழுக்க மரண அறிவித்தல். ஆசிரியர் பசளையரிடம் சொல்லிவிட்டார்:

“அண்ணை, இனித் தோட்டத்துக்கு இடமில்லை. சாவுகளைப் போட்டே முடியேல்லை.”

பசளையர் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெண்சாதி பிள்ளை இல்லாத மனிதர். அந்தப் பகுதியும் நின்றுவிட்டால் எந்த உரிமையில் ஊரார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்?

அடுத்த நாள் ஒரு தாளோடு நேரே என்னிடம் வந்தார்.

“செத்ததுகளைத்தானே போடுறியள்? என்ரை பூசணியும் செத்துப் போச்சு. இந்தாங்கோ.”

வாசித்தேன். ‘கோப்பாயைப் பிறப்பிடமாகவும் என் கிணற்றடியை வதிவிடமாகவும் கொண்ட பூசணிக்கொடி காலமாயிற்று. அன்னார் பல காய்களின் பாசமிகு தாயும், பக்கத்துப் பாகலின் அருமை மைத்துனியும் ஆவார். காரணம்: வேரடியில் தண்ணீர் தேங்கியமை. ஈமக்கிரியை ஞாயிறு காலை. உற்றார், உறவினர், நண்பர்கள் வாடிய இலைகளுடன் வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

மரண அறிவித்தல் முதலாளியின் ராச்சியம். ஆசிரியர் அதில் தலையிட முடியாது. போட்டேன். வேறு எந்த முதலாளிக்கும் அந்தத் துணிவு வந்திராது.

ஞாயிறு சனம் உண்மையாகவே அவருடைய கிணற்றடிக்கு வந்தது. வெள்ளை வேட்டி, கையில் ஒரு வாடின இலை. செத்தவீட்டில் விசாரிப்பது போலவே விசாரித்தார்கள்.

“எப்பிடி அண்ணை நடந்தது? போன கிழமையும் நல்லாத்தானே இருந்தது?”

பசளையர் வேரைக் கிளறிக் காட்டினார். பிறகு ஒவ்வொருவரின் இலையையும் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்து வைத்தியம் சொன்னார். ஒரு மனுசி என் பக்கம் திரும்பினார்.

“இந்த வருசம் எத்தினை செத்தவீட்டுக்குப் போயிட்டன் தம்பி. சிரிச்சுக்கொண்டு திரும்பிப் போறது இதுதான்.”

மத்தியானம் ஆசிரியர் வந்தார், கொதித்துக்கொண்டு.

“முதலாளி, சாவை விளையாட்டாக்கிப் போட்டியள்! சனம் காறித் துப்பப் போகுது.”

பசளையர் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையைப் பார்த்தார்.

“தம்பி, உது என்ன?”

“ஒண்டுமில்லை.”

“தேசிக்காய் இலை.”

ஆசிரியரின் கை அந்த எலுமிச்சை இலைக்குப் போனது. குரல் இறங்கியது. “வீட்டிலை தந்துவிட்டவ... கொழுந்தெல்லாம் சுருளுது அண்ணை.”

“எடும் பாப்பம்.”

அந்தக் கிழமையே தோட்டப் பகுதிக்கு நாலு விரல் அகலத்தில் இடம் கிடைத்தது. ஆசிரியரே ஒதுக்கினார்.

முதலாளி ஆன பிறகு ஈய எழுத்தை நான் கையால் தொட்டதில்லை. அதற்கு ஆட்கள் இருந்தார்கள். அந்த நாலு விரல் அகலத்தை மட்டும், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, நானே அச்சுக் கோத்தேன். அந்த மனிதரின் எழுத்தில் ஒரு குற்று, ஒரேயொரு புள்ளி, விழுந்து போவதைக்கூட எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.