பூட்டிய வீட்டுக்குள் நான்

பேகம்பூர், திண்டுக்கல்.

கண்ணியமிக்க மாமா அப்துல் லத்தீப் அவர்களுக்கு, மருமகன் ரஃபீக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் ரஃபியாவும் தங்கள் பேத்தி தஹ்சீனும் சுகம். தங்கள் சுகமும், கொடைரோட்டில் மாமியின் முழங்கால் சுகமும் அறிய ஆவல். போன் செய்தால் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறீர்கள் என்பதால் இந்தக் கடிதம்.

ரஃபியா செம்பட்டி லேபில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தாங்கள் கேட்பது ஒரே கேள்விதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, தாய் வரும்வரை பூட்டிய வீட்டின் முன்னால் என்ன செய்வாள்? வெள்ளிக்கிழமை வந்து ரஃபியாவை வேலையை விடச் சொல்லப்போவதாக மாமி மூலம் தகவலும் வந்தது. ரஃபியா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு மேடம் வேறு, பிள்ளைகளைக் கொஞ்சம் தனியாகச் சமாளிக்க விடுங்கள், அப்போதுதான் மனசு உறுதியாகும் என்று பேசியிருந்தார். சரி, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பிள்ளையைச் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

தஹ்சீனிடம் ஒரு சாவி கொடுத்தேன், இன்னொன்று ரஃபியாவிடம். நாமே பூட்டுக்கடை வைத்திருக்கிறோம், சொந்த வீட்டுக்குச் சோடையான பூட்டா போடுவேன்? கடையிலேயே உசத்தியான பூட்டைப் போட்டேன். தெருவில் எல்லோரிடமும், பிள்ளையைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒருத்தரும் உதவக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். பிறகுதான் எனக்கே பயம் வந்துவிட்டது. எதற்கும் பக்கத்தில் இருப்போமே என்று, பிள்ளை வரும் நேரத்துக்கு முன்பே, அன்று பூட்டாமல் விட்டிருந்த வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். வெளியே பூட்டை அமுக்கிப் பூட்டியது பக்கத்து வீட்டு ராக்கம்மாள் அக்கா. நான் உள்ளே இருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். மணியடித்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று போனைக் கடையிலேயே வைத்துவிட்டேன்.

பிள்ளை வந்தாள். பையைக் குடைந்தாள். சாவி இல்லை. எப்படி இருக்கும்? காலையில் மறந்துவிட்டுப் போன சாவி ஃப்ரிட்ஜ் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குரல் கொடுத்தால் சோதனை கெட்டுப்போகும். அதனால் சாவியை எடுத்து, அவளே கீழே போட்டதுபோல் வாசல்படியில் விழட்டும் என்று ஜன்னல் வழியாக வீசினேன். அது நேராகச் சாக்கடையில் போய் விழுந்தது. பிள்ளை அதைப் பார்க்கக்கூட இல்லை. இனி நான் வெளியே வர வேண்டுமானால் செம்பட்டியிலிருந்து ரஃபியா வந்தால்தான் உண்டு.

மாமா, அவள் அழவில்லை. நேரே ராக்கம்மாள் அக்கா வீட்டுக்குப் போனாள். யாரும் உதவக்கூடாது என்று நான் அத்தனை சொல்லியும் அந்த அக்கா சுடச்சுடப் பணியாரம் கொடுத்திருக்கிறார். வாசனை ஜன்னல் வழியாக வந்தது. பிறகு முகம் கழுவி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, மதரஸாவுக்கு ஓதப் போய்விட்டாள். நான் மதியம் சாப்பிட்டதோடு கட்டிலடித் தூசியில் கிடந்தேன்.

அவள் திரும்பி வந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, தொடர்ந்து. பிள்ளை கத்தவில்லை. ஓசைப்படாமல் போய் டீக்கடை சோலைமுத்து அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் போனிலிருந்தே தாய்க்கும் பேசிவிட்டாள். அண்ணன் தெருவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒருவர் கையில் கிரிக்கெட் மட்டை. ராக்கம்மாள் அக்கா அந்த நேரத்தில்தானா கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்?

"உள்ள யாரு?" என்று தஹ்சீன்தான் கேட்டாள். குரலில் நடுக்கமே இல்லை.

நான்தாம்மா, அத்தா என்றேன்.

"எங்க அத்தா கடையில இருக்காங்க. நீங்க அத்தான்னா, நான் எத்தனாவது படிக்கிறேன், சொல்லுங்க."

பதற்றத்தில் ஐந்தாவது என்று சொல்லிவிட்டேன். அவள் ஆறாவது. வெளியே மட்டையைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. அப்போதுதான் ராக்கம்மாள் அக்கா வாயைத் திறந்தார். "அப்ப அவருதேன். திருடனா இருந்தா விசாரிச்சுட்டு வந்திருப்பான்."

தெரு சிரித்து ஓய வெகுநேரமானது. சோலைமுத்து அண்ணன் கல்லை எடுத்துப் பூட்டை அடித்துப் பார்த்தார், அது அசையவே இல்லை. அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஜன்னல் கம்பி வழியாக டீயும் இரண்டு பணியாரமும் வந்தன. எல்லோரும் போன பிறகும் தஹ்சீன் போகவில்லை. ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். "பயப்படாதீங்க அத்தா. செத்த நேரத்துல அம்மா வந்துரும். நான் இங்கனதான் இருக்கேன்" என்றாள். மாமா, எனக்கு அழுகையே வந்துவிட்டது. தூசி என்று சமாளித்தேன்.

தனியாகச் சமாளிக்கிறாளா என்றுதான் பார்க்க நினைத்தேன். அவள் தனியாகவே இல்லை. எந்த வீட்டில் கேட்டால் சோறு, யாரிடம் சொன்னால் ஆள் வரும் என்பதெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே பிள்ளையைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ரஃபியா வேலையை விட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதும் இல்லை.

மாமிக்கு என் ஸலாம். எங்கள் அனைவருக்காகவும் துஆ செய்யவும்.

தங்கள் துஆவை நாடும்
முகமது ரஃபீக்

பின்குறிப்பு: கடிதத்தைத் தஹ்சீன் படித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தாங்கள் அவசியம் வர வேண்டுமாம், கடை விடுமுறை என்பதால் அன்று நான் வீட்டில்தான் இருப்பேனாம். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறாள்: "நன்னா, நான் இருந்துக்குவேன். அத்தாவத் தனியா விட்டுட்டு ஸ்கூலுக்குப் போகத்தான் பயமா இருக்கு."