மூன்று கிடா பிரசிடெண்ட்

நான் தேர்தலில் நிற்பதற்கு முன்பே தோற்றவன். அதுவும் வயிறு நிறையத் தோற்றவன்.

வெள்ளைக்காரன் காலம். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் தேர்தல் வந்தது. கட்சி சார்பில் யாரை நிறுத்துவது என்று கமிட்டிக்காரர்கள் ஒன்பது பேர் கை தூக்கிச் சொல்ல வேண்டும். ஆறு பேர் என் பங்காளிகள். மூன்று பேர் எதிராளி வீரணனின் ஆட்கள். பிரசிடெண்ட் நாற்காலிக்கு மெத்தையே தைத்து வைத்துவிட்டேன். (நீல வெல்வெட்டு. சிரிக்காதீர்கள்.)

கருப்பசாமிக்கு ஒரு கிடா நேர்ந்திருந்தேன். ஜெயித்த பிறகு வெட்டுவதுதான் முறை. ஜெயிப்பதுதான் உறுதியாயிற்றே, ஏன் காத்திருக்க வேண்டும்? கூட்டத்தன்று காலையிலேயே வெட்டினேன். ஒன்று என் அந்தஸ்துக்குப் போதாது என்று மூன்று!

எங்கள் கருப்பன் கோயிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆண்கள் மட்டும் அங்கேயே சமைத்துச் சாப்பிட வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது, ஒரு துண்டுகூட எல்லை தாண்டக் கூடாது. அந்த ஆறு பங்காளிகளையும் சேர்த்து நாங்கள் பதினைந்து பேர்.

மூன்று மணிக்குச் சத்திரத்தில் கூட்டம். இரண்டரைக்கு இன்னும் ஓர் அண்டா பாக்கி.

"தம்பிகளா, எந்திரிங்கப்பா. கை தூக்கிட்டு வந்து சாப்புடுவோம்" என்றேன்.

பங்காளி மாயாண்டி எலும்பைக் கீழே வைக்கவில்லை. "கருப்பன் சோத்தைப் பாதியில விட்டுட்டு வாரதா? எனக்குப் பிள்ளகுட்டி இருக்குண்ணே!"

எனக்கும் பயம்தான். வேட்டியைத் தளர்த்திக்கொண்டு போராடினோம். கடைசித் துண்டை நான் விழுங்கியதும், "பிரசிடெண்ட் வாழ்க!" என்று பதினான்கு தொண்டைகள் முழங்கின. கழுத்தில் மாலை, முன்னால் கொட்டு. ராஜாவாகச் சத்திரத்துக்குப் போனேன்.

அங்கே காரியதரிசி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "முடிஞ்சு போச்சுண்ணே. மூணு கை, வீரணனுக்கு. வந்தவுக கை போதும்னு விதி இருக்குல்ல?"

அந்த விதியை எழுதியவன் நான்தான்.

மாலையைக் கழற்றி வீரணனுக்கே போட்டேன். கொட்டுக்காரர்கள் விஷயம் தெரியாமல் இன்னும் பலமாக அடித்தார்கள். வீட்டுக்குப் போய்க் குழந்தை மாதிரி அழுதேன்.

"ஒத்தக் கிடாவோட நிறுத்தியிருந்தா ஜெயிச்சிருப்பீக" என்றாள் என் மனைவி பேச்சி.

வீரணன் பிரசிடெண்ட் ஆனார், பதவி முடிந்து இறங்கியும் விட்டார். இன்று அவர் வீட்டைக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் யோசிக்கிறார்கள். 'மூணுகிடா பிரசிடெண்ட்' வீடு என்றால் என் வாசலில் கொண்டுவந்து விடுகிறார்கள். என் பதவியிலிருந்து என்னை யாராலும் இறக்க முடியவில்லை, பார்த்தீர்களா!

அந்த நீல மெத்தையில் உட்கார்ந்துதான் இன்றும் சாப்பிடுகிறேன். கறிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டால் போதும், பேச்சி கரண்டியோடு நின்று கேட்பாள்:

"இன்னைக்குக் கூட்டம் எதுவும் இல்லையே?"