அறுபத்து நாலும் வேணும்

"அடப்பாவி, இப்பவும் எடுக்க மாட்டேங்குதே!" என்று வினோதன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கத்தினான்.

வெல்ட் கீ துறைமுகச் சாலையில் கன்டெய்னர் அனுப்பும் கம்பெனி அது. அங்கே தினமும் காலை ஒன்பதரைக்கு ஓடும் ரிப்போர்ட்டுக்குப் பதினான்கு நிமிடம் பிடிக்கும்.

"கோலாலம்பூர் ஹெட் ஆபீஸ்ல ஏன் இவ்வளவு நேரம்னு கேக்குறாங்க தம்பி. இன்னிக்குப் பன்னண்டு மணிக்குள்ள ஒரு நிமிஷத்துக்குக் கொண்டு வந்தா உன் வேலை கன்ஃபர்ம். இல்லேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது லா," என்று மேனேஜர் சிவநேசன் காலையிலேயே சொல்லிவிட்டார். வினோதன் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம்.

அவனுக்கென்ன பயம்! நேற்றே காலம்னர் இண்டெக்ஸ் ஒன்றைக் கட்டி வைத்துவிட்டான். வழக்கமாக ஒரு கன்டெய்னரின் அறுபத்து நான்கு விவரங்களும் ஒரே வரியாகச் சேர்ந்து கிடக்கும். இந்த இண்டெக்ஸிலோ எண்களெல்லாம் ஒரு கட்டு, தேதிகளெல்லாம் ஒரு கட்டு என்று ஒவ்வொன்றும் தனித்தனி. வேண்டிய கட்டை மட்டும் உருவினால் நாற்பது மில்லியன் கன்டெய்னரும் நொடியில் முடிந்துவிடும். ஆனால் எந்த வழியில் போவது என்று தீர்மானிப்பது பிளானர். டேட்டாபேஸுக்குள் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கும் அந்த மகானுபாவன் இண்டெக்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

'பழைய புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறது போல' என்று எண்ணி, அதைப் புதுப்பிக்கச் சொன்னான். புதுப்பிக்கிற வேலையும் ரிப்போர்ட்டும் முட்டிக்கொண்டதில் பத்தொன்பது நிமிடமாகிவிட்டது. பிளானர் என்னவோ பழைய வழியிலேயேதான் போனது.

வினோதனுக்கு வெறி வந்துவிட்டது. மற்ற வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, இண்டெக்ஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினான். போனது. முப்பத்தொரு நிமிடம்!

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரிப்போர்ட் அறுபத்து நான்கு விவரங்களையும் கேட்கிறது. அத்தனை கட்டுகளையும் பிரித்து மறுபடி வரிவரியாகக் கோர்ப்பதைவிட, முழு வரியாகப் படித்துக்கொண்டு போவதே மேல் என்று பிளானர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. மடையன் நான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டு, கீழ்மாடியில் அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் நூர் பீவிக்குப் போன் போட்டான்.

"அக்கா, ரிப்போர்ட்ல உங்களுக்கு எந்தெந்த ஐட்டம் வேணும்?"

"அறுபத்து நாலும் வேணும்."

"கன்டெய்னரோட பெயிண்ட் கலருமா?"

"அது ரொம்ப முக்கியம் தம்பி. நல்ல வேளை போன் பண்ணினே. லாரி டிரைவர் பொறந்த தேதியையும் சேத்துடு."

"அது எதுக்குக்கா?"

"இருக்கட்டும் லா!"

அறுபத்தைந்து! மணி பதினொன்றே முக்கால். வினோதனுக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கைச் சிந்தக் காகிதம் தேடிக் குப்பைக்கூடையில் கைவிட்டவன் அப்படியே நின்றான். கையில் வந்தது, கீழ்மாடியில் பார்த்து முடித்துக் கழித்துப்போட்ட நேற்றைய ரிப்போர்ட். அதில் கன்டெய்னர் எண், வந்த தேதி, கேட் ஆகிய மூன்றில் மட்டும் மஞ்சள் மார்க்கர் கோடு. முந்தாநாள் ரிப்போர்ட்டிலும் அதே மூன்று. அதற்கு முந்தைய நாளும் அதே மூன்றுதான்!

அந்த மூன்றை மட்டும் கேட்கும்படி ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதினான். அடைத்த வழிகளையெல்லாம் திறந்துவிட்டான். எந்தக் கட்டாயமும் இல்லாமல், பிளானர் தானாகவே இண்டெக்ஸை எடுத்துக்கொண்டது. இரண்டு செகண்ட்!

அவன் துள்ளி எழுந்ததில் நாற்காலி உருண்டுபோய்ச் சுவரில் இடித்தது. மூன்று மூன்று படியாகத் தாவிக் கீழே ஓடினான்.

"ரெண்டு செகண்ட் சார்! ரெண்டே ரெண்டு செகண்ட்!"

நூர் பீவி உள்பட ஆறு கிளார்க்குகளும் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. அவர்கள் நடுவே உட்கார்ந்திருந்த சிவநேசன் டிராயரிலிருந்து கன்ஃபர்மேஷன் கடிதத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார். கடிதம் மறுபடி டிராயருக்குள் போனது.

"சார், பன்னண்டு அடிக்க இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு சார்! மூணு ஐட்டமே போதும்னு கண்டுபிடிச்சிட்டேன்!" என்று பதறிய வினோதன், நூர் பீவி பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா, மிச்சத்தை நீங்க பாக்குறதே இல்லதானே?"

நூர் பீவி பெருமூச்சு விட்டார்.

"மூணு போதும்னு எங்களுக்கும் தெரியும் தம்பி. காலையில ரிப்போர்ட் ஓடுறப்ப ஏழு பேரும் கடைக்குப் போய்ப் பசியாறிட்டு வர பதினாலு நிமிஷம் வேணும்னு கணக்குப் போட்டு, அறுபத்து நாலையும் சேக்கச் சொன்னதே நம்ம சார்தான்!"