ஈர விரிப்போடு கூட்டத்துக்குப் போன உன் அக்கா

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு உன் அக்கா, உன் அப்பா, நான் மூவரும் சௌக்கியம். அங்கும் அனைவரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. நீ வாங்கி அனுப்பிய துணி உலர்த்தும் மெஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. மாமா படுத்த படுக்கையானதிலிருந்து ஒரு நாளைக்கு நாலு விரிப்பு நனைகிறது, வெளியே விடாத மழை, பால்கனியில் கொடி கட்டினால் கட்டடத்தின் அழகு கெடுகிறதென்று அசோசியேஷன் தடை என்பதெல்லாம் நீ அறிந்ததே. மெஷினை ஓட்டிய மூன்றாம் நாளே, முன் அனுமதி பெறாத சாதனம், ஞாயிற்றுக்கிழமைக்குள் அகற்றாவிட்டால் தண்ணீர் நிறுத்தப்படும் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார் செயலாளர். ஓய்வுபெற்ற இன்ஜினியர், அவர் சட்டம் பேசினால் சுவருக்கே வியர்க்கும். "பேசாம திருப்பி அனுப்பிடலாமா?"ன்னு கேட்டேன். உன் அக்கா பார்த்த பார்வை இருக்கே, நானே போய் அடுத்த விரிப்பை மெஷினுக்குள்ள போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்துக்கு அவ ஒரு பிளாஸ்டிக் வாளியோட வந்தா. செயலாளர் பதினேழாவது விதியை வாசிச்சு முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு மரியாதையா நின்னா. அப்புறம் வாளியிலிருந்து ஈர விரிப்பை எடுத்து அவர் மடியிலேயே போட்டுட்டா! "அண்ணே, அஞ்சே நிமிஷம் இப்படியே உக்காந்திருங்க. மெஷின் வர்ற வரைக்கும் எங்கப்பா நாள் முழுக்க இதுலதான் படுத்திருந்தாரு." அஞ்சு நிமிஷமும் மனுஷன் அசையலைப்பா, அதையும் சொல்லணும். நனைஞ்ச பேன்ட்டோட எழுந்தவர், "அனுமதி கொடுத்தாச்சு, எழுதிக்கோங்க"ன்னார். சாயங்காலம் அவரே வந்து ஒயரையெல்லாம் சோதிச்சு, கீழ்வீடு அதிராம இருக்க மெஷினுக்கு அடியில் ரப்பர் பாயும் போட்டுட்டு, மாமா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தார். அன்னிக்கு மாமா கதகதப்பான விரிப்புல சாஞ்சு "அப்பாடா"ன்னாரே, அப்பத்தான் எனக்கு உறைச்சது: முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் நான் உன் அக்காவை அரைகுறையாத்தான் தெரிஞ்சு வெச்சிருக்கேன்.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி அண்டாமல் நீடு வாழ எங்கள் மூவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கட்டடத்திலேயே அனுமதி பெற்ற மெஷின் இது ஒன்றுதான் என்ற செய்தி பரவி, காலையிலிருந்து பதினோரு வீட்டார் துணி மூட்டையோடு நம் வாசலில். உன் அக்காவுக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரலை. செயலாளர் வரிசையை ஒழுங்குபடுத்துகிறார் என்று நினைத்தேன். நாலாவது ஆளே அவர்தான். மாமாவின் விரிப்பு பன்னிரண்டாவது.