சபாபதி தொடாத பை

1926ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று பிற்பகலில், ரங்கூன் பசுந்தாங்கிலிருந்து க்யிம்யிண்டைங் செல்லும் டிராமின் கடைசி இருக்கையில் சபாபதி உட்கார்ந்திருந்தார்.

அவருடைய உள்சட்டையில் அம்மனின் வைர மூக்குத்தி வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. கோட்டின் உள்பையில் மஞ்சள் துணியில் கட்டிய கைத்துப்பாக்கி. மாலை பூஜைக்குள் மூக்குத்தி கோயில் போய்ச் சேரவேண்டும். ஆனால் ஓர் ஆள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நகைக்கடைக்காக நகை கொண்டுபோய்ச் சேர்ப்பது சபாபதியின் வேலை. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை ஒருமுறைகூட அவர் வெளியே எடுத்ததில்லை. முன்பு அந்த வேலையில் இருந்தவர், பின்னால் வந்த பால்காரரைத் திருடனென்று சுட்டுவிட்டுச் சிறைக்குப் போயிருந்தார். சபாபதியோ தெருவில் பையின்மேல் கைகூட வைக்கமாட்டார். தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவன், துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு போகிறான் என்பார்.

அன்று காலை குண்டுகளைக் கழற்றிவிட்டுத்தான் துப்பாக்கியைப் பூஜைக்குக் கொடுத்திருந்தார். மனைவி நீலாம்பாள் அதையும், அரிவாள், பாக்குவெட்டி என்று வீட்டிலிருந்த மற்ற இரும்பையும் தனித்தனியாக மஞ்சள் துணியில் கட்டிப் பூப்போட்டு அடுக்கியிருந்தாள். முதலாளி திடீரென்று ஆள் அனுப்பவும் சபாபதி பூவுக்குள் கையை விட்டார்.

"பூஜையில வச்சதை நாளைக்குத்தானே எடுக்கணும்?"

"முதலாளி அவசரம்கிறாரே."

"சரி, கட்டை மட்டும் அவிழ்த்துடாதீங்க. அம்மனுக்கு ஆகாது."

அவிழ்க்காமலே பையில் போட்டுக்கொண்டார். குண்டுகள் இன்னொரு பையில். கட்டை அவிழ்த்துக் குண்டு போட்டுக் குறிபார்ப்பதற்குள் திருடன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடுவான் என்று அவருக்குத் தெரியும். ஆகவே இன்று கண்தான் துணை.

"என்ன அண்ணே, பண்டிகையும் அதுவுமா கோட்டு? பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்றார் கண்டக்டர் பீர் முகைதீன்.

"ஆமா, உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அந்தக் கம்பிகிட்ட நிக்கிறவர் எங்கே ஏறினார்?"

"பசுந்தாங்கில. ஓடி வந்து ஏறினாரு. எங்கே போகணும்னு கேட்டேன். உங்களைக் காட்டி, 'அவர் இறங்குற இடத்துக்கு'ன்னாரு."

சபாபதி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். அவனும் இறங்கினான். சபாபதி ஆள் இழுக்கும் ஒரு லாஞ்சா வண்டியில் ஏறி, "சீக்கிரம்" என்றார். இழுத்தவர் வயதானவர். பின்னால் வந்த ஆள் ஓடக்கூட வேண்டியிருக்கவில்லை, நடந்தே கூட வந்தான். ஏற்றத்தில், ஐயோ பாவமென்று வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியும் விட்டான்.

சபாபதி இறங்கி, கூட்டமாக இருந்த ஒரு தேநீர்க் கடைக்குள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். அந்த மேசையில்தான் ஒரு இடம் காலியாக இருந்தது. அந்த ஆள் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

இப்போது சபாபதி அவனைப் பதற்றமில்லாமல் எடைபோட்டார். வலது இடுப்பில் துண்டுக்குள் ஏதோ கனக்கிறது. கத்தியென்றால் அப்படித் தொங்காது. துப்பாக்கிதான். துண்டில் சிவப்புக் கறை. ரத்தமா? ரத்தம் இத்தனை நேரத்தில் கறுத்திருக்கும், அது அல்ல. முழங்கையால் இடுப்பை நிமிஷத்துக்கு ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்கிறான். பழகியவன் அப்படிச் செய்யமாட்டான். வண்டியைத் தள்ளிவிட்டவன் கெட்டவனாகவும் தெரியவில்லை. இவனிடம் துப்பாக்கி இருக்கிறது, ஆனால் சுடமாட்டான்.

வேறொருவராக இருந்தால் இந்நேரம் பைக்குள் கையை விட்டிருப்பார். சபாபதி இரண்டு கைகளையும் மேசைமேல் தெரியும்படி வைத்தார்.

"தம்பி, பசுந்தாங்கிலேருந்து என் பின்னாடியே வர்றீங்க. இடுப்புல இருக்கிறது என்னன்னும் எனக்குத் தெரியும். கையை மேசைமேல வச்சுட்டு, என்ன வேணும்னு சொல்லுங்க."

அவன் உடனே கையை வைத்தான். அவன் முகத்தில் தெரிந்தது நிம்மதி.

"நீங்களா பேசுவீங்களான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன் ஐயா. நகையோட போறவரு, தெருவில கூப்பிடாதேன்னு அக்கா சொல்லியிருந்தாங்க."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டம்மாதான். நான் கருப்பையா, கீழ் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கேன்." மேசைக்கு அடியில் குங்குமம் அப்பிய ஒரு மஞ்சள் கட்டைச் சபாபதியின் மடியில் தள்ளினான். "இதுதான் உங்க துப்பாக்கி. உங்க பையில இருக்கிறது அவங்க பாக்குவெட்டியாம். வெத்தலை போடணும், கையோட வாங்கிட்டு வான்னாங்க."

மாலை பூஜைக்கு முன்பே மூக்குத்தி கோயிலில் சேர்ந்தது.