முன்வாசலில் ஒரு வாரம்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அதில் ஒருவருடைய நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. உங்கள் மூட்டுவலியும் உங்கள் வீட்டு அக்காவின் கோபமும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற ஒரு வண்டி அனுப்பிவையுங்கள். உடனே "நான் அப்பவே சொன்னேனே மாப்பிள்ளை" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். நான் தோற்றுப்போய்த் திரும்பவில்லை. ஊரை ஜெயித்து, ஜெயித்த ஊரை உங்கள் தங்கைக்காக விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறேன். அது வேறு, இது வேறு.

ரிடயர் ஆனதும் இந்தச் சின்ன ஊரில் வீடு பிடித்தபோது அவள் போட்ட நிபந்தனை உங்களுக்கும் தெரியும். "ஒரு வாரம் பார்ப்பேன். பேச்சுத்துணைக்கு ஒரு மனுஷர்கூட இந்த வீட்டுக்கு வரலைன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்." ஒரு வாரம் எதற்கு, ஒரு நாள் போதும் என்றேன். ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்தவனுக்கு ஆட்களை வரவழைக்கத் தெரியாதா என்ன? முன் அறையில் புது சோபாவைப் போட்டு, முன்கதவை விரியத் திறந்துவைத்து, ரேடியோவைச் சத்தமாக வைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தேன். திங்கட்கிழமை ஒரு நாய் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, சோபா பிடிக்காமலோ என்னமோ, போய்விட்டது.

சரி, கூச்சப்படுகிறார்கள், நாமே போய் அழைத்துவிடுவோம் என்று மறுநாள் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே பீரோவை நகர்த்துகிற சத்தம், "தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுடி" என்கிற குரல், யாரோ யாரையோ எழுப்புகிற கூச்சல், எல்லாம் ஓய்ந்து கதவு திறந்தால் குடும்பமே வரிசையாக நிற்கிறது, மருந்துக்கடைக்காரர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருக்குங்க என்ன ஆச்சு?" என்கிறார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றதும் அந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கே சங்கடமாகிவிட்டது. முன்பின் தெரியாதவன்மேல் இவ்வளவு பாசமா! பீரோவை நகர்த்தி வரவேற்கிற ஊரை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா?

புதன்கிழமை தையல்காரம்மா வீடு. அங்கே தட்டின தட்டில் கதவே கழன்று என் கையோடு வந்துவிட்டது. அவர் புருஷன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார், கரண்ட் கட் பண்ணிடாதீங்க சார்" என்று கும்பிட்டார். பார்த்த மாத்திரத்தில் என்னை அதிகாரி என்று கண்டுகொண்டார் பாருங்கள், அதெல்லாம் நடையிலேயே தெரிந்துவிடும். கதவை மரியாதையாகச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு வந்தேன். சலூனிலும் அப்படித்தான், நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. "சார், இன்னும் எத்தனை வீடு தட்டப் போறீங்க?" என்றார் சலூன்காரர். "ஒருத்தரையும் விடமாட்டேன், கவலைப்படாதீங்க" என்று நான் சொன்னதில் அவருக்குக் கை உதறி என் மீசை ஒரு பக்கம் போய்விட்டது. மறுபக்கத்தையும் எடுத்துவிடச் சொன்னேன். பத்து வயது குறைந்த மாதிரிதான் இருக்கிறது.

ஆக ஊர் என் பக்கம். உங்கள் தங்கைதான் கவலை தருகிறாள். சமையலறையில் தனியாகப் பேசுகிறாள் மச்சான். பேசினாலும் போகட்டும், சிரிக்கிறாள். வியாழக்கிழமை கை தட்டினாள். நாள் பூராவும் டீ போடுகிறாள், இரண்டே பேர் இருக்கிற வீட்டில் டம்ளர் டம்ளராகக் கழுவிக் கவிழ்க்கிறாள். "என்னம்மா சத்தம்?" என்று முன் அறையிலிருந்து கேட்டால், "ஏங்க, ஒரு நிமிஷம் இங்க வந்துட்டுத்தான் போங்களேன்" என்கிறாள். நான் எப்படிப் போவது? நான் உள்ளே போன நேரம் பார்த்து யாராவது வந்துவிட்டால்? நேற்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு சோபாவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லா இருந்த மனுஷியைப் பேச்சுத்துணை இல்லாமல் இப்படி ஆக்கிவிட்டேனே! அவளுக்கு ஒன்று என்றால் இந்த ஊரைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? அதனால்தான் வண்டி கேட்கிறேன். பெரியதாகவே அனுப்புங்கள், சோபா மடங்காது.

அக்காவுக்கு என் வணக்கங்கள். நீங்கள் இருவரும் வலியில்லாமல் மாடி ஏறி இறங்கி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: வண்டி அனுப்பாதீர்கள். ஊருக்குக் கிளம்புகிற விஷயத்தை அவளிடம் சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் முதல் தடவையாகப் பகலில் சமையலறைப் பக்கம் போனேன். உள்ளே நிற்க இடமில்லை. மருந்துக்கடைக்காரர் மனைவி, தையல்காரம்மா, இன்னும் யார் யாரோ. சலூன்காரர் சம்மணம் போட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறார். "இந்த ஊர்ல எல்லாரும் பின்வாசல் வழியாத்தான் சார் வருவோம், போவோம். சாவுச் சேதி சொல்றவங்களும் கரண்ட் கட் பண்றவங்களுந்தான் முன்கதவைத் தட்டுவாங்க" என்கிறார். "இதைச் சொல்லத்தானே திங்கட்கிழமையிலேர்ந்து கூப்பிடறேன்" என்கிறாள் உங்கள் தங்கை. நான் விடாமல், "ஞாயித்துக்கிழமை நாம கிளம்பறோம்" என்றேன். "அக்கா எங்கயும் வர மாட்டாங்க, வேணும்னா நீங்க போயிட்டு வாங்க" என்று தையல்காரம்மா உங்கள் தங்கையைக் காட்டி என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நான் உங்கள் தங்கையைப் பார்த்தேன். அவள் சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்வாசலில் புதிதாக நாலு பேர் வந்து என்னைக் கண்டதும் திரும்பி ஓடப் பார்க்க, மருந்துக்கடைக்காரர் மனைவிதான் தடுத்தார்: "பயப்படாதீங்க, இவரு நம்ம அக்கா வீட்டுக்காரர்தான்." இந்த ஊரில் எனக்குக் கிடைத்திருக்கும் பதவி அதுதான் மச்சான். நிரந்தரம் என்று உங்கள் தங்கை சொல்கிறாள்.